வருகைப் பதிவேடு

அரூரிலிருந்து ஜேசிபி ஏற்றி வந்தவன் நான்.
சித்தேரி மலையில் நெல்லிக்கடைக்குச் சாலை போட
மலையின் பாதத்தை வெட்டியவன்.
வெட்டியது தப்பென்று இப்போதும் சொல்லமாட்டேன்.
பிரசவ வலிக்காரியைத் தூளி கட்டித்
தூக்கிப்போன தடம் அது.
ஏழு முறை மனுக் கொடுத்திருந்தார்கள்.
எனக்குச் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போட்டார்கள்.

ஆனால் பக்கெட்டின் பல்லுக்குத் தெரியும்.
பாறை என்றால் கைப்பிடி அதிரும்.
இந்தச் சரிவில் அதிரவேயில்லை.
வெந்த சேனைக்கிழங்கில் இறங்குவதுபோல் இறங்கியது.
மேற்பார்வையாளரிடம் சொன்னேன்.
"நீ டீசல் கணக்கைப் பாரு" என்றார்.
பார்த்தேன்.

அடுத்த ஐப்பசியில் வெட்டின முகத்தில் ஈரம்.
ஊற்று என்று சொல்ல முடியாது.
காய்ச்சல்காரன் கழுத்து வேர்வை மாதிரி.
மேலே, பதினான்கு வீட்டுக்கும் மேலே,
தீர்த்தகிரியின் காப்பித் தோட்டத்தை ஒட்டி
பூமி வாய் பிளந்திருந்தது.
ஆட்டுக்குட்டி கால் மாட்டிக் கத்தியபோதுதான்
பார்த்தார்களாம்.

பொன்னாட்சி நூறுநாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர்.
பிளவுக்கு இந்தக் கரையில் ஒரு முளை,
அந்தக் கரையில் ஒரு முளை அடித்தாள்.
பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
ஆட்களின் பெயர் எழுதும் இடத்தில்
மலை என்று எழுதினாள்.

திங்கள்: வந்திருக்கிறது. அரை விரற்கடை.
செவ்வாய்: மழையில்லை. வரவில்லை.
புதன்: வந்திருக்கிறது. ஒன்றே கால்.

களிமண் மிதித்துப் பிளவை அடைத்தார்கள்.
மேலே தார்ப்பாய், தார்ப்பாய்மேல் கல்.
வாயறுத்த குளிர்பான பாட்டிலை வெட்டவெளியில் நட்டு
நகச்சாயத்தில் கோடு போட்டாள்.
தண்ணீர் கோட்டைத் தொட்டால்
எந்த நேரமானாலும் பள்ளிக்கூடத்துக்கு.
ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

முதல் முறை தொட்டது, ராத்திரி பதினொன்றுக்கு.
கூடையில் கோழி, மடியில் ரேஷன் கார்டு.
மலை விழவில்லை.
இரண்டாம் முறையும் விழவில்லை.
சின்னத்தாயியின் வெள்ளாடு ஒன்று மட்டும்
இருட்டில் தொலைந்தது.
"மலையிலே பொறந்துட்டு மலைக்குப் பயந்தா
கரியராமர் சிரிப்பார்" என்றான் தீர்த்தகிரி.
"சிரிக்கட்டும்.
அழுகிற சாமியை வெச்சு நான் என்ன செய்யறது?"

அவனுக்குக் கோபம் வேறு.
மேட்டு நீரைத் திருப்பும் வாய்க்கால்
அவன் தோட்டத்து வழியாகத்தான் போகவேண்டும்.
காய்ப்பிலிருந்தவை நாற்பத்தொரு செடி.
புண்ணியம் என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை.
மூன்று வருஷத்துக்கு, வீட்டுக்கு இரண்டு வள்ளம் சாமை
என்று முடிவானது.
மூன்றுக்குத் தொடங்கியவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன்.
வண்டியை மேலே ஏற்றவேண்டாம் என்றாள்,
அந்தக் கனத்தை மண் தாங்காதாம்.
மண்வெட்டி கொடுத்தார்கள்.
பன்னிரண்டு வருஷம் நெம்புகோல் பிடித்த கை
பத்து மணிக்கே கொப்பளித்தது.
பிள்ளைகள் பார்த்துச் சிரித்தன.

கார்த்திகைப் புயலில் பாட்டில் நிரம்பி வழிந்தது.
மூன்றாம் முறை இறங்கினார்கள்,
முனகிக்கொண்டு தீர்த்தகிரியும்.
விடியற்காலையில் ஒரு சத்தம்.
லாரி ஜல்லி கொட்டுவதுபோல,
ஆனால் கொட்டி முடியாமல்.

சரிவு முழுதும் வரவில்லை. ஒரு ஓரம் வந்தது.
இரண்டு வீட்டின் பின்சுவர், ஒரு ஆட்டுப்பட்டி,
மூன்று பேருந்து நீளத்துக்குச் சாலை.
வாய்க்கால் தடுத்ததா, மலை மனசு வைத்ததா
என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.
பள்ளிக்கூடத்தில் தலைகளை எண்ணினாள்.
ஐம்பத்தெட்டு. மறுபடியும் எண்ணினாள்.

மறுநாள் மண்ணை அள்ள என்னை அனுப்பினார்கள்.
எஞ்சினைப் போட்டேன்.
பொன்னாட்சி பக்கெட்டுக்கு முன்னால் வந்து நின்றாள்.
"அடியிலே அள்ளாதே. இந்தக் குவியல்தான் இப்போ
மேலே இருக்கிறதை முட்டுக்கொடுத்துப் பிடிச்சிருக்கு.
மண்ணைப் பார்க்கிற ஆபீசர் வந்து சொல்லட்டும்."
சாவியைத் திருப்பினேன்.
எஞ்சின் நின்ற பிறகு
மலைக்குள் எங்கோ நீர் ஓடுவது கேட்டது.

செல்போன் நாலு தரம் அடித்தது, மேற்பார்வையாளர்.
அவள் முளைகளை அளக்கப் போனாள்.
ஸ்கேலின் மறுமுனையை நான் பிடித்தேன்.
கீழே வந்து
டீசல் கணக்கில் அன்றைய தேதி போட்டு
பூஜ்யம் என்று எழுதினேன்.